மைக்கில் ‘இங்க’ கிடையாது

நெல் மூட்டை ஏற்றிவந்த லாரி எங்கள் ஊர் வாய்க்கால் மதகில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூட்டையெல்லாம் நனைந்து முளைவிட்டுப் போனதே, ஞாபகம் இருக்கிறவர்கள் இருப்பீர்கள். அதற்கு அடுத்த ஆடி. வருஷம் என்ன என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மதகைப் புதிதாகக் கட்டி, சிமெண்ட் வாசனை இன்னும் போகாமல் இருந்தது. அந்த மதகு வழியாகத்தான் குழாய் ஸ்பீக்கர்களை சைக்கிளில் கட்டி ஆற்றுக்குக் கொண்டுபோனோம். அதுதான் எனக்குக் கணக்கு.

நம் மைக்செட் சங்கத்து மலருக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவன் இல்லை. நான் சொல்லச் சொல்ல என் மருமகன் எழுதுகிறார். என் பேச்சை எழுத்தாக்கி ஒழுங்குபண்ணுவது அவர் பொறுப்பு. “மாமா, சுத்தி வளைக்காம நேரா விஷயத்துக்கு வாங்க” என்கிறார். நேராக வந்தால் பயம்தான் முதலில் வந்து நிற்கிறது. அதனால் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

நீடாமங்கலம் கடைத்தெருவில் தங்கவேல் அண்ணன் கடையில் சேர்ந்தேன். மூங்கில் சுமந்தேன், கம்பி சுற்றினேன், பேட்டரி தூக்கினேன், மரம் ஏறினேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. எல்லோருக்கும் அப்படித்தான். தங்கவேல் அண்ணனைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

மெலிந்த ஆள். வெள்ளைச் சட்டை, முழங்கைவரை மடித்த கை. அந்தக் கையால் எந்த அழுக்கு வேலை செய்தாலும் சட்டையில் கறை இருக்காது. பேசினால் பக்கத்தில் நிற்கிறவனுக்கு மட்டும்தான் கேட்கும். ஒருநாள் கடைப் பையன்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தபோது வந்து நின்றார். “சத்தத்துல பொழைக்கிறவன் சத்தம் போடக் கூடாதுடா” என்றார். அதுகூட மெதுவாகத்தான். அதற்கப்புறம் அந்தக் கடையில் யாரும் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

குழாய் கட்டுவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. தென்னைமரத்தில் கட்டினால் முதலில் சாக்கைச் சுற்றி, அதன்மேல்தான் கயிறு. மரத்தை அறுக்கக் கூடாது. குழாயின் வாய் வானத்தைப் பார்க்கக் கூடாது, கொஞ்சம் குனிந்து இருக்கவேண்டும். “ஜனங்க தலைக்கு மேல போவற சத்தம் யாருக்குடா? காக்காய்க்கா?” என்பார். ஒவ்வொரு கம்பியிலும் இரண்டு இழை. அதில் ஒன்றில் சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டிருப்பார். எல்லாக் குழாயிலும் சிவப்பு முடிச்சு ஒரே பக்கம்தான் சேரவேண்டும். ஒன்று மாறிப்போனாலும் இரண்டு குழாய்க்கும் நடுவே நிற்கிறவனுக்குக் குரல் கலங்கிவிடும். முன்னால் இருந்தா பின்னால் இருந்தா என்று தெரியாமல், மண்டைக்குள்ளேயே யாரோ பேசுகிற மாதிரி இருக்கும். ஒருதரம் நான் மாற்றிக் கட்டிவிட்டு நடுவே போய் நின்றேன். தலையைக் கையால் பிடித்துக்கொண்டேன். அண்ணன் சிரித்தார். “பேய் புடிச்சிருச்சாடா? முடிச்ச மாத்துடா, எறங்கிரும்.”

கட்டி முடித்ததும் சோதனை. மற்ற கடைக்காரர்கள் ஒன், டூ, த்ரீ சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். தங்கவேல் அண்ணன் என்னைக் கூட்டம் நிற்கிற இடத்தில் நிற்கவைத்து, கண்ணை மூடச் சொல்வார். தான் மைக்கில் உட்கார்ந்து, “கலியா, நான் எங்க நிக்கிறேன்? கைய நீட்டு” என்பார். என் பெயர் கலியபெருமாள். குரல் வருகிற பக்கம் நான் கை நீட்டவேண்டும். கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக் குழாயைத் திருப்புவார். மேடை பக்கம் கை நீண்டால்தான் அவருக்குத் திருப்தி. “பேசறவன் ஒரு எடம், சத்தம் ஒரு எடம்னு இருந்தா ஜனங்களுக்கு மனசு ஒட்டாதுடா” என்பார்.

முதல்முதலாக நான் பயந்தது பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் கல்யாணத்தில். நல்ல உச்சிப்பொழுது. பந்தல்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இரண்டு தென்னையில் இரண்டு குழாய். நடுவே நின்று கண்ணை மூடினேன். “கலியா” என்று கூப்பிட்டார். என் மூக்குக்கு நேர் எதிரே, ஒரு ஆள் தள்ளி நின்று கூப்பிடுகிற மாதிரி. மூச்சுவிடுகிறதுகூடக் கேட்டது. நேரே கை நீட்டினேன். கண்ணைத் திறந்தால் யாரும் இல்லை. இரண்டு மரத்துக்கும் நடுவே வெறும் வெயில். அண்ணன் எனக்குப் பின்னால் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறார். அந்த வெறும் இடத்திலிருந்து, “என்னடா முழிக்கிற?” என்று மறுபடியும் குரல்.

பயந்து இடது பக்கம் நாலு எட்டு நகர்ந்தேன். குரலும் அங்கே நிற்கவில்லை. ஒரே தாவாகத் தாவி இடது குழாய்க்குள் போய்விட்டது. வலது குழாய் செத்துப்போன மாதிரி இருந்தது. கம்பி அறுந்துவிட்டது என்று ஓடி, மரத்தில் ஏறி வலது குழாயில் கை வைத்தேன். அதிர்ந்துகொண்டிருந்தது. பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கைக்குத் தெரிகிறது, காதுக்குத் தெரியவில்லை.

“ஏண்ணே இப்புடி?”

“தெரியலடா. காது ஒரு ஆளத்தான் நம்பும் போலருக்கு. யாரு மொதல்ல கூப்புடுறானோ அவன.”

அன்றிலிருந்து எனக்குக் குழாயைக் கண்டால் ஒரு கூச்சம். வேலையை விடவில்லை. வேறு என்ன வேலை தெரியும்? ஆனால் தனியாகக் குழாய்க்குக் கீழே நிற்கமாட்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். திருவாரூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. தெரு நெடுக எங்கள் குழாய். சாயங்காலம் ஒரு குழந்தை தொலைந்துபோய், விழாக் கமிட்டி ஆள் தூக்கிக்கொண்டு வந்து மைக்கைப் பிடித்தார். “பச்சச் சட்டை போட்ட பையன் இங்க அழுதுகிட்டு நிக்கிறான். பெத்தவங்க இங்க வந்து அழச்சுகிட்டுப் போங்க.” திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் வரவில்லை. என்ன பெற்றவர்களோ என்று எல்லோரும் திட்ட ஆரம்பித்துவிட்டோம்.

நான் கம்பி பார்க்கத் தெருக்கோடிக்குப் போனேன். அங்கே கம்பத்துக்குக் கீழே ஒரு பெண், அண்ணாந்து குழாயைப் பார்த்துக்கொண்டு தலைவிரிகோலமாக நிற்கிறாள். “யோவ், இங்க வா இங்க வாங்கிறியே, வந்துட்டேன்யா! எங்கய்யா எம் புள்ள?” என்று குழாயோடு சண்டை போடுகிறாள். வடைக்கடைக்காரர் ஒருத்தர், “தாயி, அதுக்குள்ளேருந்து புள்ள எறங்கி வராது, கோயிலுக்குப் போ” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைக்கு வந்து சொன்னபோது பையன்களும் சிரித்தார்கள். தங்கவேல் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. என்ன யோசித்தார் என்று தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

இனி அந்த ஆடிப் பதினெட்டு.

ஊர்ப் பெயர் வேண்டாம். கடைமடைப் பக்கம் ஒரு ஊர், அவ்வளவுதான். ஆறு கிழக்கே பார்த்து ஓடுகிறது. வடகரையில் படித்துறை, அதன் தலைமாட்டில் மண்டபம். மண்டபத்தில் எங்கள் ஆம்ப்ளிஃபயரும் மைக்கும் ஒரு குழாயும். அந்த வருஷம் ஆறு நிறையத் தண்ணீர் இல்லை. தென்கரையை ஒட்டி ஒரு ஓட்டம், அதில் இடுப்பளவு. மற்றதெல்லாம் மணல். படித்துறையில் இறங்கினால் நீள மணலைக் கடந்து போய்த்தான் தண்ணீரைத் தொடவேண்டும். தென்கரையோ ஆறு அரித்த கரை. சுவர் மாதிரி நிற்கும். படி கிடையாது, பிடித்து ஏற நாணல்கூட இல்லை. மேலே ஒற்றைப் பனை.

அந்த வருஷம் தென்கரைத் தெருக்காரர்கள் வந்து, “போன ஆடியில பாட்டே கேக்கலைங்க. நாங்களும் இதே ஆத்தத்தானே கும்புடுறோம்?” என்றார்கள். தங்கவேல் அண்ணனுக்கு இஷ்டமில்லை. “ஆத்துக்கு ரெண்டு பக்கமும் வாய் வைக்கிறது நல்லால்லடா” என்றார். ஆனாலும் ஊர் கேட்கிறது, என்ன செய்வது? மணலில் மூங்கில் ஊன்றி, ஓட்டத்துக்கு மேலே கம்பியை இழுத்து, பனையில் ஒரு குழாய் கட்டினோம். வடகரையில் நின்று கண் மூடிச் சோதித்தோம், தென்கரையில் நின்றும் சோதித்தோம். சரியாக இருந்தது. மணலில் இறங்கிச் சோதிக்கிற வழக்கம் அப்போது யாருக்கும் இல்லை. ஆடு மாடு கம்பியை இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள என்னைப் பனையடியில் நிறுத்தினார்.

அண்ணனுக்கு ஒரே மகள், வசந்தா. அந்த வைகாசியில்தான் கட்டிக்கொடுத்தது. தலை ஆடி என்று பிறந்த வீட்டுக்கு அழைத்துவந்திருந்தார்கள். புதுத் தாலியில் மஞ்சள் கயிறு மாற்ற அவளும் பெண்களோடு ஆற்றுக்கு வந்தாள். காலையில் அவர்கள் மணலைக் கடந்து வந்தபோது அண்ணன் என்னோடு பனையடியில்தான் இருந்தார். குழாயின் வாயைக் கொஞ்சம் தாழ்த்த வந்திருந்தார். ஓட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்று வசந்தா என்னைப் பார்த்துக் கத்தினாள்.

“சித்தப்பா! காலேலேர்ந்து அதே பாட்டு. ஆத்துக்கே காது வலிக்கிது, மாத்தச் சொல்லுங்க!”

“ஒங்கப்பாட்டயே சொல்லும்மா, பக்கத்துலதான் நிக்கிறாரு!”

அண்ணன் கையை மட்டும் ஆட்டினார். மகளிடம்கூடச் சத்தமாகப் பேசமாட்டார். அப்புறம் மேற்கே இருக்கிற பாலத்தைச் சுற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விட்டார். அவர் போனதை அவள் பார்க்கவில்லை. வாழையிலை விரித்து, காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

ஆடிக்காற்று தெற்கும் மேற்குமாக அடித்துக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்திருந்தேன். பாட்டு நடுவில் அறுந்தது. ஏதோ கேசட் சிக்கிக்கொண்டது என்று நினைத்தேன். அப்போது என் தலைக்கு மேலே தங்கவேல் அண்ணன் குரல்.

“எல்லாரும் கேளுங்க. ஆத்துல தண்ணி வருது. பெருசா வருது. சாமான விட்டுட்டு ஏறிடுங்க. இங்க வாங்க. எல்லாரும் இங்க வந்துருங்க. இந்தக் கரைக்கு வாங்க!”

அவர் உரக்கப் பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். மேலே எங்கேயோ கொட்டிய மழை, நுரை தள்ளிக்கொண்டு வருகிறது என்று ஒருவர் மோட்டார் சைக்கிளில் விரைந்துவந்து மண்டபத்தில் சொல்லியிருக்கிறார். அது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

தண்ணீர் ஓரத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் தலை தூக்கினார்கள். படித்துறைப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அத்தனை முகமும் என்னைப் பார்த்தன. எனக்கு மேலே இருந்த குழாயைப் பார்த்தன.

அவர்களுக்குப் பனைக்குழாய்தான் கிட்டம். காற்றும் அந்தக் குரலைத்தான் தூக்கிக்கொண்டு வந்தது. மண்டபத்துக் குரல் அதற்கப்புறம் எட்டத்திலிருந்து தேய்ந்து வந்து, எதிரொலி மாதிரி, “வாங்க... வாங்க...” என்றது. எதிரொலியை யார் நம்புவார்கள்? ‘இங்க’ என்றால் பனை. ‘இந்தக் கரை’ என்றால் நான் நிற்கிற கரை. குழந்தையைத் தூக்கிக்கொண்டவர்கள், கிழவியைக் கைப்பிடித்தவர்கள் எல்லோரும் ஓட்டத்துக்குள் காலை வைத்தார்கள். எல்லோருக்கும் முன்னால் வசந்தா. கூப்பிடுவது அவளுடைய அப்பா அல்லவா?

நான் விளிம்புக்கு ஓடி, இரண்டு கையையும் ஆட்டினேன். “வராதீங்க! வராதீங்க! அங்குட்டுப் போங்க!” என் தொண்டை என் காதுக்கே கேட்கவில்லை. மேலே குழாய், “வாங்க, வாங்க” என்கிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு ‘போ’ என்று கை ஆட்டுவதும் ‘வா’ என்று கை ஆட்டுவதும் ஒரே மாதிரிதான் தெரியும். முதல் வரிசையில் ஒரு அம்மா என்னைப் பார்த்து, “இதோ வந்துட்டோம்யா!” என்று தலையாட்டினாள். நான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

மண்டபத்திலிருந்து பார்த்த அண்ணனுக்கு அவர்கள் வேறு பக்கம் போவது தெரிந்திருக்கிறது. கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தை ஏற்றினார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். இங்கே பனை அலறியது. அவர்கள் இன்னும் வேகமாக வந்தார்கள்.

மேற்கே பார்த்தேன். ஆற்றின் வளைவில் பழுப்பாக ஒரு கோடு. சருகும் நுரையும் முன்னால், அதற்குப் பின்னால் தண்ணீர். மணல் அதைக் குடிக்கிற சத்தம், ‘ஸ்ஸ்ஸ்’ என்று, பாம்பு போகிற மாதிரி கேட்டது.

எனக்கு யோசனை என்று ஒன்றும் இல்லை. குழாயை நிறுத்தவேண்டும், அவ்வளவுதான். பனையிலிருந்து இறங்கிய கம்பியை இரண்டு கையாலும் பிடித்துப் பலம்கொண்ட மட்டும் இழுத்தேன். பிய்த்துக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் இரண்டு இழையின் நுனியும் ஒன்றோடொன்று பட்டுவிட்டன. பட்டால் ஆம்ப்ளிஃபயரில் ஃபியூஸ் போய்விடும். இந்தப் பனை மட்டும் அல்ல, அந்தக் கரையும் செத்துப்போயிற்று. ஆறு முழுக்க ஒரு சத்தம் இல்லை.

நாற்பது ஐம்பது பேர் ஆற்றுக்குள் நிற்கிறார்கள். வசந்தா ஓட்டத்தின் நடுவில், இடுப்புக்கு மேல் தண்ணீரில், ஒரு கையால் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கூப்பிட்ட குரல் இல்லை. முன்னால் சுவர் மாதிரி கரை, அதன் மேலே அறுந்த கம்பியோடு நான். அப்பா இல்லை. அவள் முகத்தை நான் இன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. எல்லோரையும் நான் நடு ஆற்றில் நிறுத்திவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது எட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. குழாய் இல்லாத குரல். கரகரத்து, உடைந்து, காற்றுக்கு எதிராக, கோழிக்குஞ்சுக் குரல் மாதிரி சின்னதாக வந்தது.

“வசந்தா...! இங்க வாம்மா...! இங்க...!”

தங்கவேல் அண்ணன் மைக்கைப் போட்டுவிட்டுப் படித்துறையில் இறங்கி, மணலில் ஓடிவந்துகொண்டிருந்தார். எத்தனையோ மேடைக்குக் குரல் கொடுத்த மனிதர் வெறும் தொண்டையோடு ஓடிவருகிறார். அத்தனை பேரும் திரும்பினார்கள். சந்தேகமே இல்லாமல் திரும்பினார்கள். ஒரு தொண்டைக்கு ஒரு இடம்தான் உண்டு.

மணல் பக்கம் நின்ற ஆண்கள் பிள்ளைகளை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். தண்ணீர் வந்து சேர்ந்தபோது பலர் மணலில் ஏறிவிட்டார்கள். கணுக்கால், முழங்கால் என்று அது அவர்களைத் துரத்திக்கொண்டே போனது. வசந்தாவுக்குக் கால் நழுவியது. தலை உள்ளே போய் வெளியே வந்தது. நான் கரையிலிருந்து குதித்தேன். நீச்சல் தெரிந்து குதித்தேனா பயத்தில் குதித்தேனா, தெரியாது. பின்னாலிருந்து அவள் முதுகைப் பிடித்துத் தள்ளினேன். எதிர்ப்பக்கம் ஒருவர் வேட்டியை அவிழ்த்து முறுக்கி வீசினார். அதை அவள் பிடித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. அந்த வேட்டி இல்லாவிட்டால் என் தள்ளல் அவளைக் கிழக்கேதான் கொண்டுபோயிருக்கும்.

யாரும் ஆற்றோடு போகவில்லை. இலையும் பழமும் குடமும் போயின. பிள்ளைகள் இழுத்துக்கொண்டு வந்த சின்னச் சப்பரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போயின. கொஞ்ச நேரத்தில் பனைக்கும் படித்துறைக்கும் நடுவே கரைக்குக் கரை தண்ணீர்.

அவள் பின்னாலேயே நானும் படித்துறைக்கு வந்து சேர்ந்திருந்தேன். படியில் வசந்தா இருமி இருமித் தண்ணீர் கக்கினாள். அண்ணன் அவள் தலையைத் துவட்டிக்கொண்டே, “ஏம்மா அந்தப் பக்கம் போனே? எவ்வளவு கூப்புட்டேன்” என்றார். பழைய மாதிரி, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்கதானப்பா கூப்புட்டீங்க.”

“எங்கேருந்தும்மா?”

அவள் கையை நீட்டினாள். நேராகப் பனையைக் காட்டியது கை.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். எத்தனை பந்தலில், எத்தனை தோப்பில், என் கையை அப்படி நீட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறார்! அந்த ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு கடையில் ஒரு சட்டம் வந்தது. மைக்கில் ‘இங்க’ கிடையாது. ‘இந்தப் பக்கம்’ கிடையாது. ‘அந்தப் பக்கம்’ கிடையாது. எந்த விழாவாக இருந்தாலும் மைக் பிடிக்க வருகிறவரிடம் அண்ணன் போய்ப் பணிவாகச் சொல்வார். “ஐயா, எடத்தோட பேரச் சொல்லுங்க. படித்துறை, கோயில் வாசல், புளியமரம், அப்புடி. ‘இங்க’ன்னு மட்டும் சொல்லிடாதீங்க.” சில பேர் சிரிப்பார்கள். ஒரு பஞ்சாயத்துப் பிரமுகர், “ஏன்யா, ‘இங்க’ன்னா ஒன் மைக்கு சுட்டுப்புடுமா?” என்று கேட்டார். “ஆமாங்க, சுட்டுருக்கு” என்றார் அண்ணன். ஆற்றங்கரை வேலையாக இருந்தால் கூட்டம் கால்வைக்கக்கூடிய இடம் வரைக்கும் நாங்கள் இறங்கிப்போய்க் கண்ணை மூடி நிற்போம். சேறாக இருந்தாலும் இறங்குவோம். அவர் மட்டும் மைக்கில் பேசுவதில்லை. சோதனைக்குக்கூட என்னைத்தான் பேசச் சொல்வார். தன் குரல் தான் இல்லாத இடத்திலிருந்து வருவதை அவரால் கேட்க முடியவில்லை. கடைசிவரைக்கும் அப்படித்தான் இருந்தார். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது.

வசந்தாவுக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள். போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். “சாப்பிட வாங்க” என்று மைக்கில் கூப்பிட்டார்கள். எல்லோரும் எழுந்தார்கள், அவள் எழவில்லை. “ஆள் மொகம் தெரியட்டும் சித்தப்பா, அப்பறம் போவோம்” என்றாள்.

இதையெல்லாம் நான் இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், வருகிற ஆடிக்கு அதே ஆற்றில் இரண்டு கரையிலும் பெட்டி வைக்கிறார்கள். குழாய் இல்லை, இப்போது வந்திருக்கிற அடுக்குப் பெட்டி. வாழைத்தார் மாதிரி வளைந்து தொங்குகிறதே, அது. அந்த வேலையை எடுத்திருக்கும் தினேஷ் என்கிற தம்பி என்னை அழைத்துப்போய்க் காட்டினார். படித்த பிள்ளை, கெட்டிக்காரர். எங்கள் அண்ணனுக்குக் காரணம் தெரியாமல் இருந்ததை அவர் ஒரே வார்த்தையில் சொன்னார். “எந்தச் சத்தம் முதல்ல காதுக்கு வருதோ, அங்கதான் ஆள் நிக்கிறதா மூளை முடிவு பண்ணிரும்யா. பின்னாடி வர்றதக் கணக்குலயே சேக்காது.” அதனால் கிட்டத்தில் இருக்கிற பெட்டியை ஒரு இமைப்பொழுது தாமதமாகப் பேசவைக்கிறார்கள். வடகரை மேடைச் சத்தம் முதலில் வந்துவிடும். கரையில் நின்று கண்ணை மூடினேன். பெட்டி பக்கத்தில் தொங்குகிறது, குரல் மேடையிலிருந்துதான் வருகிறது. அண்ணன் பார்த்திருந்தால் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

“தம்பி, ஆத்துக்குள்ள எறங்கி நின்னா?” என்று கேட்டேன்.

“கூட்டம் கரைமேலதானேய்யா நிக்கும்? அதுக்குத்தான் வச்சிருக்கேன்” என்றார். ஆனால் உடனே செருப்பைக் கழற்றிவிட்டு என்னோடு மணலில் இறங்கினார். நடந்தோம். மேடையில் அவருடைய ஆள் பேசிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஓரத்துக்குப் போனபோது, பழைய தென்னந்தோப்பில் நடந்தது போலவே, குரல் ஒரே தாவாகத் தாவித் தென்கரைக்குப் போய்விட்டது. தினேஷ் நின்றுவிட்டார். “அய்யய்யோ... மாத்திடுறேன்யா. அறிவிப்பு வந்தா தென்கரைய அடச்சிடுறேன்” என்றார். செய்வார், நம்பிக்கை இருக்கிறது.

பெட்டியை அவர் மாற்றிவிடலாம். ஆனால் அன்றைக்கு மைக்கைப் பிடிக்கப்போகிறவர் யார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கமிட்டித் தலைவராக இருக்கலாம், போலீஸ்காரராக இருக்கலாம், பதறிப்போய்ப் பறித்துக்கொண்ட யாரோ ஒருவராக இருக்கலாம். பதறினவன் வாயில் முதலில் வருகிற சொல் ‘இங்க வாங்க’தான். அண்ணன் வாயிலேயே அதுதான் வந்தது.

என்னால் அன்றைக்கு அந்தக் கரைக்குப் போகமுடியாது. இத்தனை வருஷத்தில் ஒரு ஆடிப் பதினெட்டுக்கும் நான் போனதில்லை, கால் வராது. போகிறவர்கள் நீங்கள். மைக் முன்னால் யார் நின்றாலும், பெரிய மனிதராக இருந்தாலும், பக்கத்தில் போய்க் காதோடு சொல்லிவிடுங்கள். கரைக்குப் பெயர் இருக்கிறது, படித்துறைக்குப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். ஆற்றுக்குள் நிற்கிற பிள்ளைக்கு ‘இங்க’ எது என்று தெரியாது.